கட்டைக்குத் தாங்காத ரகம்: சந்திரமுகியின் இரண்டாம் பாகம், ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் இரண்டு வியாழக்கிழமைகள் வருகின்றன. முதலாவது 2005 ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. ‘சந்திரமுகி’ வெளியான நாள். அடுத்தது 2023 செப்டம்பர் 28, மிலாடி நபி விடுமுறை. ‘சந்திரமுகி 2’ வெளியான நாள். நடுவில் பதினெட்டு வருசம். இரண்டுக்கும் இயக்குநர் பி. வாசுதான். வேட்டையபுரம் அரண்மனையும் அதேதான். வடிவேலு இரண்டிலும் முருகேசன்தான். இரண்டாவதற்கு இசை கீரவாணி; அந்த வருசம் மார்ச்சில்தான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். ஆக, சாமான் எதுவும் குறையவில்லை. சமையல் ஏன் இப்படி ஆனது?

படம் நன்றாக இல்லை என்று அப்போதே எழுதித் தீர்த்துவிட்டார்கள், அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக ஓடிய ஒரு பேய்க்கதையை மறுபடி முளைக்க வைக்கும்போது அது எந்த இடத்தில் கெடுகிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் வீட்டில் இரண்டு படங்களையும் பார்த்த இருவர் சொன்ன வார்த்தைகளை வைத்துக்கொண்டு தேடுகிறேன். ஒருவர் அமிச்சி, அம்மாவைப் பெற்றவர். இன்னொருவர் மாமா. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கரும்பு வைத்திருக்கிறார்.

முதல் வியாழன்

வியாழக்கிழமை என்று சொன்னேனே தவிர, அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை. கோபியில் டிக்கெட் கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து மாமா ஒரு டெம்போவில் ஒறம்பரையை, அதாவது உறவுக்காரர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். எனக்குப் பதினொரு வயது. அமிச்சிக்குச் சினிமா என்றால் வெற்றிலை போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். மடியில் சுருக்குப்பை, விரல் நுனியில் சுண்ணாம்பு. மெல்வது நிற்காது, பாட்டு வந்தால் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வருவார். கங்காவாக வருகிற ஜோதிகா கட்டிலைத் தூக்குகிற காட்சியில் அந்த வாய் நின்றது. அதற்கப்புறம் மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. கன்னம் உப்பியபடியே கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து தியேட்டர் வேலியோரம் துப்பிவிட்டு, மாமாவிடம் முதல் வார்த்தையாகச் சொன்னது: “அந்தப் புள்ளைக்குப் பேயொண்ணும் புடிக்கலடா சாமி. மனசு செரியில்ல, அவ்வளவுதான். டாக்டரு கண்டுபுடிச்சுப்போட்டாரு.”

இதைச் சொன்னவர் யார் என்று தெரிந்தால்தான் இதன் எடை தெரியும். எனக்குக் காய்ச்சல் என்றாலும் விபூதி மந்திரித்துக் கயிறு கட்டிவிடுகிற ஆள் அவர். அடுத்த ஆடியில் கிழக்கு வீட்டு மருமகள் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தனியாகப் பேச ஆரம்பித்தபோது, பேயோட்ட எங்கே கூட்டிப்போவது என்று ஊரே யோசனை சொன்னது. அமிச்சி மட்டும், “கோயமுத்தூருக்குக் கூட்டீட்டுப் போயி டாக்டருகிட்டக் காட்டுங்கொ. சினிமாவுல பாத்தீங்கல்ல?” என்றார். கூட்டிப்போனார்கள். மாத்திரை சாப்பிட்டு, மாதக்கணக்கில் ஆனாலும், அந்த அக்கா தேறி வந்தார்.

படத்தில் காட்டுகிற வைத்தியம் வைத்தியமே இல்லை என்பது வேறு விஷயம். துர்காஷ்டமி ராத்திரியில் ஆடவைத்து, சுழலும் பலகையில் ஆளை மாற்றிப் பொம்மையைக் கொளுத்தி யாருடைய மனநோயையும் குணப்படுத்த முடியாது. ஆனால் பேய் என்று நினைத்தது பேய் இல்லை என்று இடுப்பு வலிக்க உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தையே அந்தப் படம் நம்பவைத்து அனுப்பியது. ரஜினி படம், காமெடி, பாட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் அப்படியொரு விடை இருந்தது.

வாளையாறு தாண்டி வந்த கதை

விடை வாசுவுடையது அல்ல. 1993-இல் மலையாளத்தில் மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’தான் மூலம். அதில் நடித்ததற்காக ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. வாசு அதை 2004-இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என்று எடுத்து, அடுத்த வருசம் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2007-இல் பிரியதர்ஷன் இந்திக்குக் கொண்டுபோனார்.

ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் இந்தக் கதையில் ஒன்று மாறுகிறது. கங்காவின் மேல் ஏறியதாக எல்லாரும் நினைக்கிற நாட்டியக்காரி மலையாளத்தில் தஞ்சாவூர்க்காரி, அவள் ஏறியதும் கங்கா தமிழ் பேசுகிறாள். தமிழில் அவள் ஆந்திராக்காரி, தெலுங்கு. கன்னடத்திலும் தெலுங்குதான். இந்தியில் வங்காளி. எந்த ஊரில் எடுத்தாலும் பேய் பேசுவது அடுத்த வீட்டு மொழி. நம் வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து நம் மொழி இல்லாத ஒன்று வருவதுதான் அங்கே பயம்.

கொங்கு நாட்டில் இது பாதிதான் எடுபட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய. ‘ரா ரா’ பாட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் கண்ணை உருட்டிப் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். “எங்க அவ்வா என்னையச் சோத்துக்குக் கூப்பிடறதே இப்பிடித்தான்.”

சரி. இந்தக் கதையின் கட்டுமானம் என்ன? பூட்டிய ஓர் அறை, ஒரு சாவி, ஒரே ஒரு கேள்வி: இதையெல்லாம் செய்வது யார்? நயன்தாராவின் துர்காமேல் சந்தேகத்தைத் திருப்பிவிட்டு, கங்காவைக் கண்முன்னாலேயே ஒளித்துவைக்கிறது. விடை தெரிந்த கணத்தில் பயம் பரிதாபமாக மாறுகிறது. அதோடு கதை தீர்ந்தது. அறையைத் திறந்தாயிற்று, உள்ளே ஒன்றுமில்லை.

அந்தப் படம் சென்னை சாந்தி தியேட்டரில் 890 நாள் ஓடியது. சாந்தி, தயாரித்த சிவாஜி குடும்பத்தின் சொந்தத் தியேட்டர் என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். ஆனால் கோபியில் யாருக்கும் சொந்தத் தியேட்டர் கட்டாயம் இல்லை, இங்கேயும் அது நின்று ஓடியது.

இரண்டாம் வியாழன்

தமிழில் இரண்டாம் பாகம் வருவதற்கு முன்பே வாசு இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி எடுத்துவிட்டார். 2010-இல் கன்னடத்தில் ‘ஆப்தரக்ஷகா’, அதே வருசம் தெலுங்கில் ‘நாகவல்லி’. அதில் நாட்டியக்காரியைக் கொன்ற அந்தப் பழைய ராஜா நூறு வயதைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறார். கன்னடப் படம் பெரிய வெற்றி. அதன் நாயகன் விஷ்ணுவர்தன் 2009 டிசம்பர் 30-ஆம் தேதி காலமாகி, இரண்டு மாதத்துக்குள் வந்த படம் அது. அந்த வெற்றியில் கதைக்கு எத்தனை பங்கு, கண்ணீருக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பது கஷ்டம்.

2023-இல் லாரன்ஸ், கங்கனா, ராதிகா. செப்டம்பர் 15 என்று சொல்லிப் பிறகு 28-க்குத் தள்ளினார்கள். திருப்பூரில் கம்பெனி லீவு என்பதால் நான் ஊரில் இருந்தேன். மாமாவும் நானும் மட்டும் மத்தியானக் காட்சிக்குப் போனோம். டெம்போ தேவைப்படவில்லை. டிக்கெட் கிழிக்கிற தம்பியிடம் கூட்டம் எப்படி என்று கேட்டேன். “படத்துல ரெண்டு, மூணுன்னு நம்பர் இருந்தா எங்குளுக்கு வேல கம்மிங்க்கா. போஸ்டர் ஒட்டுனாப் போதும், படத்தப் பத்தி யாருக்கும் சொல்ல வேண்டீதில்ல” என்றான். தொடர் படத்தின் வியாபாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு புதுக் கதையை விநியோகஸ்தருக்கும் ஓடிடிக்காரருக்கும் விளக்க வேண்டும். ‘சந்திரமுகி 2’ என்றால் விளக்க வேண்டியதே இல்லை, பேருக்கே ஒரு விலை உண்டு.

கதை என்னவென்றால், ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு அடிமேல் அடி. குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூசை செய்தால் சரியாகும் என்று குரு சொல்கிறார். கோயில் பக்கத்தில்தான் வேட்டையபுரம் அரண்மனை. வந்து தங்குகிறார்கள்.

இந்த ஆரம்பத்தைப் பார்த்து மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார், நானும்தான். கொங்கு நாட்டில் குலதெய்வத்தை மறந்துவிட்டோம் என்பதைவிடப் பெரிய பயம் எந்த வீட்டில் இருக்கிறது? கிணற்றில் தண்ணீர் வற்றினாலும், பெண்ணுக்கு வரன் தட்டிப்போனாலும், ஜோசியர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்: கோயிலுக்குப் போய் எத்தனை வருசம் ஆச்சுங்க? எங்கள் வீட்டிலேயே, அப்பா வேலை விஷயமாக ஊர் ஊராக அலைந்ததில் ஏழு வருசம் கோயிலுக்குப் போகாமல் விட்டோம். பிறகு போனபோது பங்காளிகள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கல் பானை வைக்க ஒரு மூலையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அம்மாவின் முகத்தில் இருந்தது, எந்தப் பேய்ப்படமும் எனக்குக் காட்டாத பயம். உறவு அறுந்துவிடுமோ என்ற பயம் அது.

படத்தின் கையில் இந்தப் புதையல் இருந்தது. ஒதுக்கிவைத்த மகள், அவள் பிள்ளைகள், பூட்டிக்கிடக்கும் கோயில். அந்தப் பிள்ளைகளுக்குக் கோயிலில் இடம் உண்டா என்று ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். படம் கேட்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் கொலுசுச் சத்தம், பழைய அறை, பழைய சிரிப்பு. குலதெய்வம் அரண்மனைக்கு வழிகாட்டும் பலகையாக நின்றுவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு, இதில் பேய் நிஜம். சந்திரமுகி நிஜமாகவே ஏறுகிறாள், வேட்டையனும் அப்படியே. அந்த வேட்டையனும் உண்மை வேட்டையன் இல்லையாம், ராஜாவின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செங்கோட்டையனாம். இந்தப் பெயரைச் சொன்னதும் தியேட்டர் முழுக்க ஒரு சிரிப்பு. அப்போதைய எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் பெயர் அது. கோபியில் மட்டும் அந்தக் காட்சி காமெடியாகிப்போனதற்கு வாசு பொறுப்பில்லை.

முதல் படத்திலிருந்து இரண்டாவதற்கு எது வந்தது, எது வரவில்லை என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். அறை வந்தது, கொலுசு வந்தது, வேட்டையனின் சிரிப்பு வந்தது, வடிவேலுவின் நடுக்கம் வந்தது. இவையெல்லாம் கையால் எடுத்துவைக்கக்கூடியவை. யார் அது என்ற சந்தேகம் வரவில்லை, எடுத்துவைக்கவும் முடியாது. ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். இருக்கிற ஒரே வழி, அந்த விடையே தப்பு, பேய் இருக்கத்தான் செய்தது என்று சொல்வது. அப்படிச் சொன்னால் இன்னும் நாலு பாகம் எடுக்கலாம். ஆனால் முதல் படம் செத்துப்போகும். இந்தியிலும் 2022-இல் வந்த இரண்டாம் பாகம் இதையேதான் செய்தது, அங்கே பேய் நிஜம். அது பெரிய வசூல் படம். வசூல் குறைந்ததால்தான் தரம் குறைந்தது என்றோ, தரம் குறைந்தால் வசூல் குறையும் என்றோ சொல்ல முடியாத சிக்கல் இங்கே இருக்கிறது.

இடைவேளையில் மாமா டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: “கட்டைக் கரும்பு அம்மிணி இது.”

“என்னுங் மாமா?”

“நட்ட கரும்பு இல்ல. வெட்டுன கட்டையில தானா வந்தது. கணு கிட்டக் கிட்ட நிக்குது, சாறு இல்ல.”

கட்டையின் கணக்கு

கரும்பு வைக்காத ஊர்க்காரர்களுக்காக: நட்ட கரும்பை வெட்டிய பிறகு, மண்ணுக்குள் இருக்கிற அடிக்கட்டை மறுபடி தளிர்க்கும். அதை அப்படியே வளர்த்தால் கட்டைக் கரும்பு, சில பக்கம் மறுதாம்பு. விதைக் கரணை வாங்க வேண்டாம், உழவு வேண்டாம், நடவுக்கூலி இல்லை. நட்ட கரும்பைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வெட்டுக்கும் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் விளைச்சல் இறங்கும். இறங்காமல் பிடிக்க வேலை செய்ய வேண்டும். கட்டையை மண்மட்டத்துக்குச் சீவிவிட வேண்டும், சந்து விழுந்த இடத்தில் புது நாற்று வைக்க வேண்டும், தழைச்சத்து நடவுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கட்டைதானே என்று விட்டால், பழைய நோய் பெருகி வரும். புல்தண்டு நோய் என்று ஒன்று உண்டு. வயல் பச்சைப்பசேலென்று தளிர்த்து நிற்கும், கிட்டப்போய்ப் பார்த்தால் அத்தனையும் புல், கரும்பே இருக்காது.

எல்லா ரகமும் கட்டைக்குத் தாங்காது என்பதும் முக்கியம். கோயமுத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையம் வெளியிடுகிற ரகங்களின் பெயரில் ‘கோ’ என்று வருவது கோயமுத்தூரைக் குறிக்கும். அங்கே உருவான முதல் வணிகக் கலப்பினம் கோ 205. தித்திப்பான கரும்போடு காட்டு இனத்தைக் கலந்து உண்டாக்கியது. இந்தக் காட்டு வகைகளை ஊர்ப்பக்கம் பேய்க்கரும்பு என்பார்கள். தாக்குப்பிடிக்கிற குணமும் கட்டையில் நன்றாகத் தளிர்க்கிற குணமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன. மாமா வைத்திருக்கிற கோ 86032-க்கும் அவர் கொடுக்கிற முதல் சான்றிதழ், “கட்டைக்குத் தாங்கும்” என்பதே.

இதை வைத்து நம் பேய்ப்படத் தொடர்களைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது.

லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) வரிசை கட்டைக்குத் தாங்குகிற ரகம். பயந்தாங்கொள்ளி நாயகனும் வீட்டுப் பெண்களும்தான் அடிக்கட்டை, ஒவ்வொரு முறையும் மேலே வந்து ஏறுகிற ஆவி புதுசு, அதன் வழக்கும் புதுசு. இரண்டாவது படத்தில் சரத்குமாரின் திருநங்கை வேடம் அந்த வரிசையின் உச்சம். நிலத்தைப் பறிகொடுத்த கோபமும், பெற்றவர்கள் துரத்திவிட்ட வலியும் அதில் நிஜமாக இருந்தன. அதற்கப்புறம் 2015, 2019 என்று வந்தவற்றில் தளிர் நிறைய, சாறு குறைவு. சத்தம் கூடிக்கொண்டே போனது, ஆவியின் வழக்கு இளைத்துக்கொண்டே வந்தது. மூன்றாவது படம் வசூலில் இரண்டாவதற்குச் சளைக்கவில்லை என்பதால் யாரும் கட்டையைச் சீவ மெனக்கெடவில்லை.

‘பீட்சா’ வேறு வகை. 2012-இல் வந்த முதல் படத்துக்கும் அடுத்த வருசம் வந்த ‘வில்லா’வுக்கும் கதையில் ஒட்டு உறவு கிடையாது, பேர் மட்டும்தான். பக்கத்து வயல் கரும்புக்கு நம் வயல் பேரை வைப்பது மாதிரி. நேர்மையாகச் சொன்னால் எனக்கு அதில் பெரிய புகார் இல்லை. முதல் படத்தை அது கெடுக்கவில்லை.

‘அரண்மனை’யை எடுத்த சுந்தர் சி. ஈரோட்டுக்காரர், எங்கள் பக்கத்து ஆள் என்பதால் கொஞ்சம் சலுகை காட்டுகிறேனோ என்ற சந்தேகம் எனக்கே உண்டு. 2014, 2016, 2021 என்று மூன்று வந்தன. மூன்றாவது என்ன கதை என்று இப்போது யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை. 2024-இல் நான்காவது வந்து நன்றாகவே ஓடியது. அதில் அவர் செய்தது ஒன்று: அசாம் நாட்டுப்புறக் கதைகளில் வருகிற ‘பாக்’ என்ற நீர்ப்பேயைக் கொண்டுவந்து சந்து விழுந்த இடத்தில் நட்டார். மற்றதெல்லாம் பழைய வாய்க்கால், பழைய வரப்பு. ஒரே ஒரு புது நாற்றுக்கே அந்த விளைச்சல்.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ வரிசையின் நான்காவது படத்துக்கு 1984-இல் ‘கடைசி அத்தியாயம்’ என்றே பேர் வைத்தார்கள். அடுத்த வருசமே ஐந்தாவது வந்துவிட்டது.

‘சந்திரமுகி’ இந்த எந்த வகையிலும் சேராது. பேய் இல்லை என்பதுதான் அதன் சாறு. சாறு முழுக்க முதல் வெட்டில் போய்விட்டது. அது கட்டைக்குத் தாங்குகிற ரகமே இல்லை. அதே ரகத்தில் இன்னொன்று வேண்டுமென்றால் வேறு அறை, வேறு பூட்டு, வேறு பெண் என்று புதிதாக நட்டிருக்க வேண்டும். குலதெய்வக் கோயில் பூட்டு ஒன்று கையில் இருந்தும் நடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அமிச்சியின் கேள்வி

தியேட்டருக்கு வந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் படம் ஓடிடிக்கு வந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாமா வீட்டு டிவியில் போட்டார்கள். அமிச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, பல் போனதால் வெற்றிலையை இப்போது சின்ன உரலில் இடித்துத்தான் போடுகிறார். அந்த இடிக்கும் சத்தம் படம் முழுக்க நிற்கவே இல்லை.

முடிந்ததும் என்னைக் கேட்டார்: “அப்ப அன்னைக்கு அந்தப் புள்ளைக்குப் பேய்தான் புடிச்சிருந்துச்சா கண்ணு?”

“இல்லீங் அமிச்சி. அது வேற படமுங்க.”

“அதே பேருதான போட்டிருக்கறான்?”

கொஞ்ச நேரம் உரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தனக்குத்தானே கேட்பது மாதிரி, “அந்தக் கெழக்கூட்டுப் புள்ளைக்கும் இவுங்க சொல்றமாற இருந்திருக்குமோ?” என்றார். இல்லவே இல்லை என்று நான் சத்தமாகச் சொன்னேன். தேவையில்லாத அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருப்பேன் போல, அடுக்களையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மாமாவோடு வயலுக்குப் போனேன். மூன்றாவது கட்டை நின்றது. நடுவில் நாலைந்து இடம் சொட்டையாக இருந்தது. இதை அழித்து உழுதுவிட்டு நெல் போடப்போவதாகப் போன வருசமே சொல்லிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“உழவுக்கு ஆளு, கரணை வெல, நடவுக் கூலி... கணக்குப் போட்டுப் பாத்தனுங்க்கண்ணு. சக்கரையாக் காய்ச்சிக் கவுந்தப்பாடிக்கு ஏத்தீட்டா எது நட்டது, எது கட்டைன்னு எவனுக்குத் தெரியப்போவுது? பழனிப் பஞ்சாமிர்தத்துல போயிச் சேந்துக்கும்.” ஒரு கரும்பை ஒடித்து, தோகையை உரித்து என்னிடம் நீட்டினார். “அடுத்த வருசமும் கட்டையவே உட்டர்லாம்னு இருக்கறேன்.”

கணு கிட்டக் கிட்ட இருந்தது. கடித்துப் பார்த்தேன், தித்திப்பு இருக்கத்தான் செய்தது.